படத்தின் பின்பக்கம்: வாசகர் கேள்வி பதில்

சென்ற இதழில் கொக்குவில் வாசகி ஒருவரின் கேள்வியை இடம் போதாமல் பதில் இல்லாமலே அச்சிட்டோம், அடுத்த மாதம் விரிவாக எழுதுகிறேன் என்றும் சொல்லியிருந்தேன். அதைப் படித்துவிட்டு வேறு பலரும் அதே விஷயத்தைச் சுற்றி எழுதிக் கேட்டுவிட்டார்கள். ஆகவே இந்த மாதம் முழுக்க ஓவியம்தான். முதலில் அந்தக் கேள்வியைத் திரும்பத் தருகிறேன்.

கேள்வி (ஒரு வாசகி, கொக்குவில்): ரொறன்ரோவில் இருக்கும் என் பெறாமகன் அங்கே ஒரு பழம்பொருள் கடையில் பென்சில் படம் ஒன்றைக் கண்டிருக்கிறான். நடுவயதுப் பெண் ஒருத்தியின் முகம், பின்னிய தலைமுடி, கீழே 'டியேகோ ரிவேரா 1936' என்று கையொப்பம். மெக்சிக்கோவின் பெரிய ஓவியராம். கடைக்காரர் 4,500 கனேடிய டொலர் கேட்கிறார், அசல்தான் என்று ஒரு சான்றிதழும் தருகிறாராம். பாதிக் காசை நான் போட்டால் பிறகு விற்று இலாபத்தைப் பங்கிடலாம் என்கிறான். படத்தின் போட்டோவை இத்துடன் அனுப்புகிறேன். வாங்கலாமா?

பதில்: அக்கா, இப்போதைக்குக் காசு அனுப்ப வேண்டாம். படம் பொய் என்று நான் சொல்லவரவில்லை, வட்ஸ்அப்பில் வந்த ஒரு போட்டோவை வைத்துக்கொண்டு அதை யாராலும் சொல்லவும் முடியாது. ஆனால் நீங்கள் அனுப்பியது முன்பக்கத்தை மட்டும்தான். வாங்கலாமா விடலாமா என்பதைத் தீர்மானிக்கிற விஷயங்களில் பாதிக்கு மேல் படத்தின் பின்பக்கத்தில் கிடக்கும், அதைத்தான் முதலில் கேட்டு வாங்க வேண்டும்.

ஆளைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், அது தெரியாமல் மற்றது விளங்காது. டியேகோ ரிவேரா 1886இல் மெக்சிக்கோவின் குவானாகுவாத்தோ நகரில் பிறந்தவர். இளவயதில் பாரிஸ் போய்ப் பல ஆண்டுகள் அங்கே இருந்து உருவங்களைக் கோணத் துண்டுகளாக உடைத்துக் காட்டும் கியூபிசப் படங்கள் வரைந்தார், பிறகு அதை விட்டுவிட்டு மெல்லிய, சுத்தமான பென்சில் கோட்டில் நண்பர்களின் முகங்களை வரையத் தொடங்கினார். 1918இல் அவர் பென்சிலால் வரைந்த கவிஞர் ழான் கொக்தோவின் முகம் அந்தக் காலத்து வேலைக்கு நல்ல உதாரணம். 1921இல் நாடு திரும்பினார். அங்கே கல்வி அமைச்சுக் கட்டடத்தின் சுவர்களில் 1923 தொடக்கம் 1928 வரை வரைந்தவைதான் அவரை உலகம் முழுக்கத் தெரியவைத்தன. 1957இல் இறந்தார். ஓவியர் பிரீடா காலோவின் கணவர் என்றால் இப்போதைய பிள்ளைகளுக்கு உடனே பிடிபடும்.

அவருடைய படம் ரொறன்ரோவில் கிடைப்பது நடக்காத காரியமா? இல்லை, நடக்கக்கூடியதுதான். ரிவேரா கை ஓயாமல் வரைந்தவர், சந்தைப் பெண்கள், சுமை தூக்குபவர்கள், குழந்தைகள் என்று அரிசிக் கடதாசியில் மையால் வரைந்து மெக்சிக்கோவுக்கு வந்த வெளிநாட்டவர்களுக்கு ஏராளமாக விற்றிருக்கிறார். 1930 முதல் 1933 வரை அமெரிக்காவில் சான் பிரான்சிஸ்கோ, டெற்றோயிற், நியூயோர்க் என்று வேலை செய்தார், டெற்றோயிற்றிலிருந்து ஆற்றைக் கடந்தால் கனடாதான். அதனால் வட அமெரிக்காவில் பல வீடுகளில் அவரது தாள்கள் உண்மையாகவே இருக்கின்றன. கள்ளப்படம் செய்பவர்களுக்கு வசதியும் இதுதான், அவர்கள் சொல்லும் கதை எப்போதும் நம்பக்கூடியதாக இருக்கும்.

அந்தக் கதையைத் திகதியோடு பொருத்திப் பாருங்கள். உங்கள் படத்தில் 1936 என்று போட்டிருக்கிறது. அந்த ஆண்டில் ரிவேரா மெக்சிக்கோவில் இருந்தார். கடைக்காரர் 'டெற்றோயிற்றில் வேலை செய்தபோது ஒரு குடும்பத்துக்கு வரைந்து கொடுத்தது' என்று சொன்னாரானால் அங்கேயே கதை உடைந்துவிடுகிறது. 'மெக்சிக்கோவுக்குச் சுற்றுலா போனவர் வாங்கிவந்தது' என்றால், யார், எப்போது, அதற்குப் பிறகு யார் கையில் இருந்தது என்று கேட்க வேண்டும். நாங்கள் ஊரில் ஒரு பரப்புக் காணி வாங்குவதென்றாலும் பழைய உறுதிகளைத் தேடி எடுத்து, யார் யாருக்கு எழுதினார் என்று சட்டத்தரணியைக் கொண்டு பார்க்காமல் முற்பணம்கூடக் கொடுப்பதில்லை. படத்துக்கும் அப்படி ஒரு உறுதித்தொடர் உண்டு: பழைய பற்றுச்சீட்டு, கண்காட்சிக் கூடத்தின் ஒட்டுத்தாள், ஏல விற்பனை இலக்கம், பிரேம் போட்ட கடையின் முகவரி, குடும்பக் கடிதம். இவற்றில் முக்கால்வாசி படத்தின் பின்பக்கத்திலோ பிரேமின் பின்பக்கத்திலோதான் ஒட்டிக்கிடக்கும்.

சான்றிதழைப் பற்றி ஒரு வசனம் போதும். விற்பவரே அச்சடித்துக் கையொப்பம் வைத்த சான்றிதழ் ஒரு கடதாசி, அவ்வளவுதான். அந்த ஓவியரைப் பற்றி ஆராய்ந்து எழுதியவர், அருங்காட்சியகத்தில் பொறுப்பில் இருப்பவர் என்று பெயர் சொல்லக்கூடிய ஒருவர் எழுதிக் கொடுத்தால்தான் அதற்குப் பெறுமதி. ரிவேராவின் சட்டக ஓவியங்களுக்கு, அதாவது சுவரில் அல்லாமல் தனியாக வரைந்தவற்றுக்கு, 1989இல் மெக்சிக்கோவின் தேசிய நுண்கலை நிறுவனம் பொதுப்பட்டியல் ஒன்றை வெளியிட்டிருக்கிறது, பெரிய நூலகங்களில் அது இருக்கும். பட்டியலில் இல்லை என்பதற்காக ஒரு சின்னத் தாள் பொய்யாகிவிடாது, ஆனால் கடைக்காரர் அதைப் பார்த்தாரா என்று கேட்கும்போதே அவர் எப்படிப்பட்டவர் என்று தெரிந்துவிடும்.

இனி பெறாமகன் அங்கேயே கடையில் நின்று செய்யக்கூடிய வேலைகள். கையில் ஒரு பூதக்கண்ணாடியும் ரோச் லைட்டும் போதும். பூதக்கண்ணாடியால் முகத்தின் நிழல் பகுதியைப் பார்க்கட்டும், ஒழுங்கான வரிசையில் சின்னச் சின்னப் புள்ளிகள் தெரிந்தால் அது புத்தகத்திலிருந்தோ நாட்காட்டியிலிருந்தோ வெட்டிய அச்சு, அத்துடன் கதை முடிந்தது. புள்ளி இல்லை என்றால் ரோச் லைட்டைத் தாளுக்குப் பக்கவாட்டில் பிடிக்கச் சொல்லுங்கள். பென்சில் அழுத்திய இடத்தில் மெல்லிய பள்ளம் தெரியும், சரித்துப் பார்த்தால் பென்சில் கரி மினுங்கும், அச்சு மை அப்படி மினுங்காது. இன்னொன்று, கல்லில் வரைந்து தாளில் பிரதி எடுக்கிற கல்லச்சுப் படங்களும் ரிவேரா செய்திருக்கிறார், 1932இல் வெளியான, மெக்சிக்கோப் புரட்சித் தலைவர் சபாட்டாவின் படம் 100 பிரதி அடித்தது. அவையும் நல்ல பெறுமதியான பொருட்கள்தான், ஆனால் கையால் வரைந்த ஒற்றைத் தாள் என்ற விலைக்கு அவற்றை வாங்கக்கூடாது. கல்லச்சிலும் அந்தப் புள்ளி வரிசை இருக்காது, ஆகவே இந்த இடத்தில் பழகிய கண் வேண்டும்.

கள்ளநோட்டுப் பார்க்கக் கடைகளில் வைத்திருக்கும் ஊதா விளக்கு இருக்கிறதே, அதன் கீழே தாளைக் கொஞ்ச நேரம் காட்டலாம். ஏறக்குறைய 1950 முதல்தான் கடதாசியில் வெண்மையூட்டும் இரசாயனம் சேர்க்கத் தொடங்கினார்கள், அது அந்த வெளிச்சத்தில் நீலமாக ஒளிரும். 1936 என்று போட்ட தாள் பளீரென்று நீலமாக ஒளிர்ந்தால் விட்டுவிட்டு வரலாம். ஒளிரவில்லை என்றால்? அதனால் எதுவும் நிரூபணமாகவில்லை. பழைய புத்தகங்களின் வெற்றுத்தாளைக் கிழித்தெடுத்து வரைகிறவர்கள் இருக்கிறார்கள்.

கையொப்பத்தைக் கடைசியாகப் பாருங்கள். எல்லோரும் முதலில் அதைத்தான் பார்க்கிறார்கள், போலி செய்பவரும் அதைத் தெரிந்துதான் அதிலே கூடிய கவனம் எடுக்கிறார். முகத்தைப் பாருங்கள். ரிவேராவின் கோடு ஒரே மூச்சில் போகும், தோளின் பாரத்தையும் கன்னத்தின் திரட்சியையும் குறைந்த கோட்டில் கொண்டுவந்துவிடுவார், கண் இமை கனமாக இருக்கும், முகம் உருண்டு முன்னுக்கு வரும். பார்த்துப் போடுகிறவரின் கோடு மெதுவாக, ஒரே தடிப்பில், இடையிடையே நின்று நின்று ஊரும். நீங்கள் அனுப்பிய போட்டோவில் பின்னலை வரைந்த விதம் உயிரோடு இருக்கிறது, வாயும் நாடியும் எனக்குத் திருப்தி தரவில்லை. இதை என் கண்ணுக்குப் பட்டது என்று மட்டும் எடுங்கள், தீர்ப்பாக எடுக்க வேண்டாம்.

கடைசியாக விலை. நல்ல ஆதாரங்கள் உள்ள ரிவேராவின் கோட்டோவியங்கள் சில ஆயிரம் அமெரிக்க டொலரிலிருந்து இலட்சம் டொலருக்கு மேலும் போகின்றன. முழுமையான ஒரு முகம், கையொப்பம், திகதி எல்லாம் இருக்கும்போது 4,500 கனேடிய டொலர் என்றால், அதைக் கடைக்காரர் ஏன் நியூயோர்க் ஏலத்துக்கு அனுப்பவில்லை? பெரிய ஏல நிறுவனங்களில் இலத்தீன் அமெரிக்கக் கலைக்கென்று தனிப் பிரிவு உண்டு, போட்டோ அனுப்பினால் காசு வாங்காமலே ஒரு மதிப்பீடு சொல்வார்கள். தொழில் செய்கிற ஒருவருக்கு இது தெரியாமல் இருக்காது. பெறாமகனிடம் சொல்லுங்கள்: முன்பக்கம், பின்பக்கம், கையொப்பம், நான்கு ஓரம் என்று வடிவாகப் போட்டோ எடுத்து அவனே அப்படி ஒரு இடத்துக்கு அனுப்பிக் கேட்கட்டும். களவுபோன கலைப்பொருட்களுக்கு இன்டர்போல் ஒரு தரவுத்தளம் வைத்திருக்கிறது, கைபேசியிலேயே பார்க்கலாம், அதிலும் ஒருதரம் தேடட்டும். இவ்வளவும் செய்வதற்குக் கடைக்காரர் அவகாசம் தரவில்லை, 'நாளைக்கு வேறொருவர் வருகிறார்' என்று அவசரப்படுத்துகிறார் என்றால் அந்த வேறொருவரே வாங்கிக்கொள்ளட்டும்.

கேள்வி (ஓய்வுபெற்ற கணித ஆசிரியர், சுன்னாகம்): பெரிய சுவரோவியத்துக்கு விலை என்றால் விளங்குகிறது. அரை மணித்தியாலத்தில் பென்சிலால் வரைந்த ஒரு முகத்துக்கு ஏன் ஆயிரக்கணக்கில் கொடுக்கிறார்கள்? எனக்கு இது வெறும் பெயருக்குக் கொடுக்கும் காசாகத்தான் படுகிறது.

பதில்: ஐயா, சுவரை விற்க முடியாது என்பதுதான் முதல் காரணம். நியூயோர்க்கின் றொக்பெல்லர் சென்ரரில் ரிவேரா 1933இல் வரைந்துகொண்டிருந்த சுவரோவியத்தில் லெனினின் முகம் இருந்தது, எடுக்கச் சொன்னார்கள், அவர் மறுத்தார், வேலையை நிறுத்தினார்கள், 1934இல் ஓவியத்தையே உடைத்துவிட்டார்கள். அதே ஆண்டில் அவர் அதை மெக்சிக்கோ நகரின் நுண்கலை மாளிகையில் திரும்ப வரைந்தார், இன்றைக்கும் அங்கே போய்ப் பார்க்கலாம். மற்றைய மெக்சிக்கோச் சுவரோவியர்களான ஒறொஸ்கோ, சிகெய்ரொஸ் ஆகியோரின் பெரிய வேலைகளும் சுவர்களோடு சுவராகப் பொதுச் சொத்தாக நிற்கின்றன. அப்படியான ஓவியர்களிடமிருந்து ஒரு தனி ஆள் வாங்கி வீட்டில் வைக்கக்கூடியது துணியிலும் தாளிலும் வரைந்தவைதான், அதிலும் துணியில் வரைந்தவை மிக விலை.

ஆனால் உங்களுடைய கேள்வியின் மற்றப் பாதிக்கு நான் உடன்படமாட்டேன். அரை மணித்தியாலம் என்பது கை அசைந்த நேரம். எண்ணெய் வர்ணத்தில் ஒரு பிழையை மேலே பூசி மறைக்கலாம், பென்சிலில் முகம் வரையும்போது மறைக்க இடமே இல்லை, மூக்கின் ஓரத்தில் ஒரு நெல்லளவு தள்ளிப்போனால் அது வேறு ஆள். எதிரே இருந்த மனிதரை அந்த ஓவியர் எப்படிக் கவனித்தார், எந்த இடத்தில் தயங்கினார், எதைத் தேவையில்லை என்று விட்டார் என்பதெல்லாம் அந்தத் தாளில் அப்படியே கிடக்கிறது. எனக்கு ஒரு ஓவியரோடு பழகவேண்டும் என்றால் முதலில் அவருடைய கோட்டோவியங்களைத்தான் தேடிப்போவேன்.

மெக்சிக்கோவிலேயே இதற்குப் பெரிய சாட்சி ஹொசே லூயிஸ் குவெவாஸ். 1950களில், சுவரோவியந்தான் மெக்சிக்கோவின் கலை என்று எல்லோரும் சொல்லிக்கொண்டிருந்த காலத்தில், இளைஞராக இருந்த அவர் அதை வெளிப்படையாக எதிர்த்து எழுதினார், மையும் பேனையுமாகத் தாளில் வரைந்தே வாழ்ந்தார். லா காஸ்தன்யேதா என்ற மனநோய் மருத்துவமனைக்குப் போய் அங்கே இருந்தவர்களின் முகங்களை வரைந்தார், தன் முகத்தையும் வாழ்நாள் முழுக்கத் திரும்பத் திரும்ப வரைந்தார். 2017இல் இறந்தார். மெக்சிக்கோ நகரில் ஒரு பழைய கன்னியர் மடத்தில் 1992இல் திறந்த அருங்காட்சியகம் அவர் பெயரில் இருக்கிறது. அவருடைய முகங்கள் அழகானவை அல்ல, சில முகங்களைப் பார்த்தால் பயமாகக்கூட இருக்கும், ஆனால் ஒன்றைப் பார்த்துவிட்டு மறப்பது கடினம்.

பெயருக்குக் கொடுக்கும் காசும் இருக்கிறது, மறுக்கவில்லை. பிரீடா காலோவின் 'டியேகோவும் நானும்' 2021இல் 34.9 மில்லியன் டொலருக்குப் போனது, 2025 நவம்பரில் அவருடைய இன்னொரு படம், கட்டிலின் மேற்கூரையில் எலும்புக்கூடு படுத்திருக்க அவர் கீழே உறங்குகிற படம், 54.7 மில்லியனுக்குப் போனது. இந்த எண்களைக் காட்டித்தான் சின்ன வியாபாரிகள் வேறு யாரோ வரைந்த மெக்சிக்கோத் தாள்களுக்கெல்லாம் விலை ஏற்றுகிறார்கள். ஒரு படத்தின் விலை இன்னொரு படத்துக்குத் தொற்றுவதில்லை, அதே ஓவியருடையதாக இருந்தாலும்கூட.

கேள்வி (நுண்கலை மாணவி, திருநெல்வேலி): ரிவேரா, பிரீடா போன்றவர்களின் ஓவியங்களை மெக்சிக்கோவிலிருந்து வெளியே கொண்டுபோகவே முடியாது என்று படித்தேன். அப்படியானால் வெளிநாடுகளில் ஏலம் போவதெல்லாம் சட்டவிரோதமா? எங்கள் ஓவியர்களுக்கும் அப்படியொரு சட்டம் வந்தால் நல்லதல்லவா?

பதில்: சட்டவிரோதம் இல்லை. மெக்சிக்கோ சில ஓவியர்களின் வேலைகள் அனைத்தையும் நாட்டின் கலைச் சின்னங்களாக அறிவித்திருக்கிறது. ரிவேராவுக்கும் ஒறொஸ்கோவுக்கும் 1959இல், சிகெய்ரொஸுக்கு 1980இல், பிரீடாவுக்கு 1984இல் அந்த அறிவிப்பு வந்தது, 1972ஆம் ஆண்டுச் சட்டம் இன்றைக்கு இதையெல்லாம் ஆள்கிறது. நாட்டுக்குள் தனியாரிடம் இருக்கும் படத்தை நாட்டுக்குள்ளேயே விற்கலாம், கண்காட்சிக்கென்று அனுமதி எடுத்துத் தற்காலிகமாக வெளியே அனுப்பலாம், நிரந்தரமாக ஏற்றுமதி செய்ய முடியாது. அறிவிப்புக்கு முன்பே வெளியே போனவை, வெளிநாட்டிலேயே வரைந்தவை சுதந்திரமாகக் கைமாறுகின்றன, நியூயோர்க்கில் ஏலம் போவது அவைதான். வெளியே இருப்பவை குறைவு என்பதால் விலை இன்னும் ஏறுகிறது. ஆகவே கொக்குவில் அக்காவின் படத்திலும், அது அசலாக இருந்தால், மெக்சிக்கோவை விட்டு எந்த ஆண்டில் வெளியேறியது என்ற கேள்வி சும்மா கேட்கிற கேள்வி இல்லை.

அந்தச் சட்டம் படத்தை அழிப்பதையும் குற்றமாகப் பார்க்கிறது. 2022இல் மியாமியில் ஒரு வியாபாரி பிரீடாவின் நாட்குறிப்பில் இருந்தது என்று சொல்லப்பட்ட ஒரு சிறிய வண்ணக் கோட்டோவியத்தைக் கூட்டத்துக்கு நடுவில் எரித்து, அதன் டிஜிட்டல் பிரதிகளை விற்கப்போகிறேன் என்றார். மெக்சிக்கோ அரசின் நுண்கலை நிறுவனம் விசாரணை தொடங்கியது. எரித்தது அசலா என்றே பலருக்குச் சந்தேகம். அசலாக இருந்தால் உலகத்தில் ஒன்றே ஒன்றாக இருந்த தாளை விளம்பரத்துக்காகச் சாம்பலாக்கியிருக்கிறார், 1981இல் யாழ்ப்பாண நூலகம் எரிந்ததைக் கண்ட ஊரிலிருந்து அதைப் பற்றிப் படிக்கும்போது எனக்குக் கோபம்தான் வந்தது.

எங்கள் ஓவியர்களுக்குச் சட்டம் வேண்டுமா என்ற கேள்விக்கு நான் வேறு இடத்திலிருந்து தொடங்குவேன். எந்தப் படம் எங்கே, யாரிடம் இருக்கிறது என்ற பட்டியல் இல்லாமல் ஏற்றுமதித் தடை போட்டு என்ன பிரயோசனம்? எஸ். ஆர். கனகசபை, மாற்கு போன்றவர்கள் யாழ்ப்பாணத்தில் இருந்து வரைந்தார்கள், எத்தனையோ பேருக்கு வரையச் சொல்லிக் கொடுத்தார்கள். மாற்குவின் வேலைகளில் பல போரிலும் இடப்பெயர்விலும் போய்விட்டன. மிஞ்சியவை வீடுகளில், லாச்சிகளில், வெளிநாட்டுக்குப் போன பெட்டிகளில் சிதறிக் கிடக்கின்றன. நீங்கள் நுண்கலை படிக்கிறவர், உங்கள் வகுப்பில் ஒவ்வொருவரும் தங்கள் ஊரில் உள்ள வீடுகளுக்குப் போய்ப் படத்தைப் போட்டோ எடுத்து, அளவு எழுதி, வைத்திருப்பவர் சொல்லும் கதையைப் பதிந்து வந்தால் அதுவே பட்டியலின் தொடக்கம். மெக்சிக்கோவில் 1975 முதல் நடைமுறையில் இருக்கும் இன்னொரு ஏற்பாடும் எனக்குப் பிடிக்கும்: ஓவியர்கள் வருமான வரியைக் காசுக்குப் பதிலாகத் தங்கள் படைப்புகளாகக் கட்டலாம், அப்படி வந்தவை பொதுச் சேகரிப்பாக நாடு முழுக்கக் காட்சிக்குப் போகின்றன. தடை போடுவதைவிட அப்படிச் சேர்ப்பதுதான் எங்களுக்கு முதலில் தேவை.

கேள்வி (ஒரு வாசகர், பருத்தித்துறை): வாங்குவது ஒருபுறம் இருக்கட்டும். கடலோரத்து வீட்டில் கடதாசிப் படத்தை எப்படி வைத்திருப்பது? என்னிடம் இருக்கும் இரண்டு கரிப்படங்களில் பழுப்புப் புள்ளிகள் வந்துவிட்டன.

பதில்: நல்ல கேள்வி, எங்கள் ஊரில் விற்கிறவர்களும் வாங்குகிறவர்களும் இதைக் கேட்பதே இல்லை. பழுப்புப் புள்ளிக்குப் பெரும்பாலும் காரணம் ஈரமும் பூஞ்சணமும் கடதாசியின் தரமும் சேர்ந்ததுதான். காற்றின் ஈரப்பதன் 65 வீதத்துக்கு மேலே நெடுக நின்றால் பூஞ்சணம் பிடிக்கும், மாரியில் உங்கள் பக்கம் அதைவிடக் கூடவே இருக்கும். இன்றைக்கே அந்தப் பிரேமைக் கழற்றிப் பாருங்கள். எங்கள் பிரேம் கடைகளில் படத்துக்குப் பின்னால் ஹார்ட்போர்ட்டை வைத்து, இடைவெளிக்குப் பழைய பத்திரிகையை அடைப்பார்கள். இரண்டும் அமிலம் கக்கும், கொஞ்சம் கொஞ்சமாகப் படத்தை எரித்துவிடும். அமிலம் இல்லாத மட்டையை வாங்கி முன்னும் பின்னும் வைக்கச் சொல்லுங்கள், கொழும்பில் சொல்லி எடுப்பிக்கலாம், விலை கூட என்றாலும் கொடுக்கத் தகும்.

கண்ணாடி படத்தில் முட்டக்கூடாது, முட்டினால் அதில் வியர்க்கிற நீர் நேரே தாளுக்குப் போகும். கண்ணாடிக்குப் பதிலாகப் பிளாஸ்டிக் தகடு போடலாமா என்று கேட்பீர்கள், கரிப்படத்துக்கு வேண்டவே வேண்டாம், அதில் உண்டாகும் நிலைமின் கரித்தூளைத் தாளிலிருந்து இழுத்தெடுத்துவிடும். செலோடேப் ஒட்டக்கூடாது, அதன் பசை மஞ்சளாகித் தாளுக்குள் இறங்கிவிடும், பிறகு எடுக்க முடியாது. மேல் ஓரத்தில் இரண்டு இடத்தில் மெல்லிய ஜப்பான் கடதாசியும் கோதுமை மாப் பசையும் போதும், தாள் தொங்கவேண்டும், இறுகக்கூடாது. லமினேற் பண்ணுகிறவர்கள் இருக்கிறார்கள், அப்பா அம்மாவின் படங்களைக்கூட அப்படிப் பண்ணிக் கொண்டுவந்து காட்டுகிறார்கள், பார்க்கவே வேதனையாக இருக்கிறது. சூட்டில் கரி பிளாஸ்டிக்கோடு ஒட்டிவிடும், பிறகு அந்தப் படம் திரும்ப வராது. கரி உதிராமல் இருக்கத் தலைமயிர் ஸ்பிரே அடிப்பதும் அதே மாதிரித்தான்.

வெளிச்சுவரில் மாட்டாதீர்கள், மழைக்காலத்தில் சுவர் ஈரம் பிரேமுக்கு ஏறும். உள்சுவரில், யன்னல் வெயில் படாத இடத்தில், பிரேமின் நான்கு மூலையிலும் தக்கைத் துண்டு ஒட்டிக் காற்றுப் போக விட்டு மாட்டுங்கள். அருங்காட்சியகங்களில் கோட்டோவியங்களுக்கு 50 லக்ஸ் வெளிச்சம்தான் விடுவார்கள், மங்கலான அறை என்று நினைக்கும் அளவு. சில மாதம் மாட்டிவிட்டுச் சில மாதம் இருட்டில் தட்டையாக வைத்தால் படத்தின் ஆயுள் கூடும். மாதம் ஒருதரம் எடுத்து இராமபாணப் பூச்சியும் கறையானும் இருக்கிறதா என்று பாருங்கள். பழுப்புப் புள்ளியைத் தண்ணீராலோ இரப்பராலோ நீங்களே எடுக்க முயல வேண்டாம், கடதாசி பராமரிப்புத் தெரிந்தவர் கிடைக்கும்வரை அப்படியே இருக்கட்டும்.

கேள்வி (ஒரு வாசகி, மானிப்பாய்): எங்கள் அப்புவின் முகத்தை 1950களில் ஒரு சித்திர ஆசிரியர் கரியால் வரைந்து கொடுத்திருக்கிறார். இப்போது சுவிசில் உள்ள தம்பி அதை விற்றால் காசு வரும், வீட்டுத் திருத்தத்துக்கு உதவும் என்கிறான். என்ன விலை போகும்? தாளின் ஓரம் கிழிந்திருப்பதால் அதை வெட்டி நேராக்கலாமா?

பதில்: ஓரத்தில் கத்தரி வைக்காதீர்கள். ஓவியரின் கையொப்பமோ திகதியோ கடதாசி உற்பத்தியாளரின் நீர்க்குறியோ இருந்தால் அந்த ஓரத்தில்தான் இருக்கும், வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். வெட்டிய தாளுக்கு விலையும் விழுந்துவிடும்.

விலையைப் பொறுத்தவரை நேராகச் சொல்கிறேன், வீட்டுத் திருத்தத்துக்குக் காணும் அளவு இன்றைக்குக் கிடைக்காது. ஓவியரின் பெயர் தெரியாத கரிப்படத்துக்கு இங்கே சந்தையே இல்லை, வாங்குபவர் பிரேமுக்குக் கொடுக்கிற காசுகூடத் தரமாட்டார். ஆனால் உங்கள் கடிதத்தில் இருக்கும் விபரங்களைக் கவனியுங்கள்: வரைந்தவர் எந்தப் பள்ளிக்கூடத்தில் படிப்பித்தார் என்று அம்மாவுக்குத் தெரியும் என்கிறீர்கள், அப்பு இந்தத் திண்ணையில்தான் இருந்தார், வரைந்து முடித்ததும் ஆசிரியருக்கு ஒரு மூட்டை நெல் கொடுத்தார்கள் என்கிறீர்கள். ரொறன்ரோக் கடைக்காரரிடம் இல்லாததெல்லாம் உங்களிடம் இருக்கிறது. அம்மா இருக்கும்போதே அதைக் கேட்டு எழுதி வையுங்கள், அவருடைய குரலைப் பதிந்தால் இன்னும் நல்லது. அந்த ஆசிரியரின் வேறு படங்கள் எந்தெந்த வீடுகளில் இருக்கின்றன என்றும் கேளுங்கள், அப்படி ஒரு பத்துப் படம் பெயரோடும் கதையோடும் சேர்ந்தால்தான் அவரைப் பற்றி யாராவது ஒரு கட்டுரை எழுதவோ கண்காட்சி வைக்கவோ முடியும், அவருடைய பெயருக்கு ஒரு விலையும் பிறகுதான் வரும். ரிவேராவின் தாளுக்கும் விலை வந்தது அப்படித்தான், யாரோ பட்டியல் போட்டார்கள், யாரோ பற்றுச்சீட்டைக் கிழித்தெறியாமல் வைத்திருந்தார்கள். தம்பியிடம் இதைக் காட்டுங்கள். விற்பதா இல்லையா என்பது உங்கள் குடும்பத்தின் முடிவு, நான் என்றால் விற்கமாட்டேன்.

கேள்வி (அச்சகம் நடத்துபவர், அச்சுவேலி): ரிவேராவின் படத்தை அடுத்த வருட நாட்காட்டியில் போட வாடிக்கையாளர் ஒருவர் கேட்கிறார். அசல் படத்தை வாங்கியவரிடம் அனுமதி எடுத்தால் போதுமா?

பதில்: போதாது. தாளை வாங்கியவருக்குத் தாள்தான் சொந்தம், பிரதி எடுக்கும் உரிமை அதனோடு வருவதில்லை. ரிவேராவும் பிரீடாவும் வரைந்தவற்றின் பதிப்புரிமையை மெக்சிக்கோ மத்திய வங்கியின் பொறுப்பில் உள்ள ஒரு நம்பிக்கை நிதியம் பார்க்கிறது. இலங்கையின் 2003ஆம் ஆண்டு 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி ஓவியர் இறந்து 70 ஆண்டுவரை உரிமை நிற்கும், ரிவேரா இறந்தது 1957 நவம்பரில், ஆகவே 2027 முடியும்வரை அனுமதி இல்லாமல் அச்சிட வேண்டாம். வாடிக்கையாளருக்கு மெக்சிக்கோப் படம்தான் வேண்டும் என்றால் ஹொசே குவாதலூப்பே பொசாதாவின் எலும்புக்கூட்டு அச்சுகளைக் காட்டுங்கள், அவர் 1913இலேயே இறந்துவிட்டார், கறுப்பு வெள்ளையில் உங்கள் இயந்திரத்துக்கும் நன்றாக வரும்.